கட்டபெட்டுல உக்காந்து ஜப்பானிஸ் படிக்கறேன், கட்டகானால மூணாவது தடவையா மாட்டிக்கிட்டேன்

கட்டபெட்டு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பகல்ல டீ ஃபேக்டரில கணக்கு வேலை, ராத்திரி சாப்ட்டுட்டு ஜப்பானிஸ் படிக்கறேன், டிசம்பர்ல சென்னை போய் என்5 (ஜப்பானிஸ் பரீட்சைல மொதல் படி) எழுதணும்னு ஆசை. ஹிரகானாங்கற அடிப்படை எழுத்து 46ம் ஒரு வழியா வந்துருச்சு, பக்கத்துல தமிழ்ல எழுதி வச்சுத்தான் மனப்பாடம் பண்ணேன். வெளிநாட்டு வார்த்தைய எழுதற கட்டகானால ஷி, ட்சு, ன், சொ நாலும் ஒரே மூஞ்சி. கிராமர் வீடியோ எல்லாம் இங்கிலீஷ், பேருக்குப் பின்னாடி ஒட்டற 'வா'வுக்கும் 'கா'வுக்கும் என்ன வித்தியாசம்னு இருபது நிமிஷம் பேசறாங்க, கேட்டு முடிச்சா எனக்கு இருந்த இங்கிலீஷும் போச்சு. மழை வந்தா நெட்டும் கரண்டும் சேந்தே போயிடுது. தனியா படிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

குன்னூர்_அக்கா:
தம்பி, மொதல்ல தமிழ்ல எழுதி வைக்கறத நிறுத்துங்க. நம்ம 'க' ஒரே எழுத்து, கல்லுல ஒரு சத்தம் பகல்ல ஒரு சத்தம். அவங்க எழுத்து மேல ரெண்டு குட்டிக் கோடு போட்டு அதைப் பிரிச்சுக் காட்டுவாங்க. இங்க பழக்கடைல சீசனுக்கு பெர்சிமன் வருமே, அதோட ஜப்பானிஸ் பேர 'ககி'ன்னு நோட்ல எழுதி வச்சேன், ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அது பழமா சாவியான்னு எனக்கே தெரியல! ரெண்டாவது எழுத்து மேல கோடு இருந்தா சாவி, இல்லாட்டி பழம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்குங்க, அதுக்கு கரண்டும் வேணாம். ஷி, ன் ரெண்டுலயும் பெரிய கோடு கீழருந்து மேல ஏறும். ட்சு, சொ ரெண்டும் மேலருந்து எறங்கும். மேட்டுப்பாளையத்துலருந்து ஏறற பஸ், எறங்கற பஸ்.

மூடுபனி82:
கிராமர இங்கிலீஷ் வழியா படிக்கறது தலையச் சுத்தி மூக்கத் தொடற வேலை. வினைச்சொல் கடைசில வரும், வேற்றுமை உருபு பேருக்குப் பின்னாடி ஒட்டும், எல்லாம் நம்ம வீட்டுச் சமாச்சாரம். 'நான் வந்து கட்டபெட்டு'ன்னு சொல்றோமே, அந்த 'வந்து' இருக்கற எடத்துல வா. யாருன்னு கேட்டு 'நான்தான்'னு சொன்னா கா. நூத்துக்கு நூறு பொருந்தாது, என்5க்கு ஓடும். (வா-வ எழுதறப்ப மட்டும் 'ஹா' எழுத்து போடணும், பழைய எழுத்துமுறையோட மிச்சம் அது.) கொரே, சொரே, அரே, தொரே பாத்தீங்களா? இது, உது, அது, எது. உது நம்மகிட்ட போயிடுச்சு, யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னும் சொல்றாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது 'தபெத்தெ மிரு'. தபெத்தெ சாப்பிட்டு, மிரு பாக்கறது. சாப்பிட்டுப் பாக்கறது! இத இங்கிலீஷ்ல விளக்க ஒரு பாடமே நடத்துவாங்க.

திணைலதான் கால வாரும். 'இருக்கு'க்கு ரெண்டு வார்த்தை, உயிரோட நடமாடறது எல்லாம் இமாசு, மத்தது அரிமாசு. காட்டெருமை இமாசு, அது நிக்கற டீத்தோட்டம் அரிமாசு.

லவ்டேல்_ஜன்னல்:
அன்றாடம் பொழங்கற கன்ஜி (சீனாலருந்து வந்த எழுத்து) 2136 இருக்குன்னு யாராச்சும் பயமுறுத்தினா காதுல வாங்காதீங்க, இப்போதைக்கு நூறு கிட்ட போதும். மலைலருந்து ஆரம்பிங்க, மூணே கோடு. தனியா நின்னா யாமான்னு படிக்கணும், ஃபுஜிக்குப் பின்னாடி வந்தா சான்.

கட்டபெட்டு_பையன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. நோட்டு வாங்கியாச்சு. நொமு-ன்னா குடிக்கறது, அப்ப டீ குடிச்சுப் பாக்கறதுக்கு 'ஒச்சா ஒ நொமுதெ மிரு', சரியா?

மூடுபனி82:
நொமுதெ இல்ல, நொண்டெ. உண்ணுக்கு 'து' சேத்தா உண்டு ஆகுதுல்ல, அதே கதைதான்.