புதுப்பிப்பு: பாயிங்க் கார்டைக் கண்டுகொண்டது

உபுண்டு லினக்ஸில் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) கேம் எல்லாம் ஓட்டுகிறது, கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் கணக்குகளுக்குக் கொடுக்கும் பாயிங்க் (BOINC) மென்பொருள் மட்டும் ஜிபியு இல்லை என்கிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

படம் காட்டும் டிரைவர் மட்டும் போதாது, கார்டைக் கணக்குப் போட வைக்கும் ஓபன்சிஎல் (OpenCL) மென்பொருள் தனியாக வேண்டும். அதைப் போட்டதும், ஓபன்சிஎல்லுக்கு எந்தக் கார்டு தெரிகிறது என்று காட்டும் சிஎல்இன்ஃபோ (clinfo) கட்டளையில் கார்டு தெரிந்தது, பாயிங்கில் தெரியவில்லை! பாயிங்க் பின்னணியில் நம் பெயரில் ஓடுவதில்லை, 'பாயிங்க்' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனரை, கார்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள ரெண்டர், வீடியோ குழுக்களில் சேர்த்துச் சேவையை மறுபடி தொடங்கினேன், வந்துவிட்டது. சிஎல்இன்ஃபோவை அந்தப் பயனராகவே ஓட்டிப் பார்த்தால் சிக்கல் உடனே பிடிபடும்.

இப்போது ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற அறிவியல் திட்டத்துக்குப் பல்சார் (துடிக்கும் விண்மீன்) தேடுகிறது. சூடு பற்றிக் கேட்ட சித்தூர் அண்ணனுக்கு: கொழிஞ்சாம்பாறை வெயிலில் பகலில் ஓட்டுவதில்லை. பாயிங்கிலேயே நேரம் குறிக்கலாம், இரவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.