நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கம் மதியச் சாப்பாடு: உதவி தேவை

ரமலான் நோன்பு நேரத்தில் அம்மாவுடன் ஏர்வாடி தர்காவுக்கும், கல்தூண் பள்ளிவாசலைப் பார்க்கக் கீழக்கரைக்கும் வருகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை. மதியம் இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். தாமதமானால் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். பகலில் அங்கே பல கடைகள் அடைத்திருக்கும் என்கிறார்கள்.

ஏர்வாடி விடுதிகளில் போன் செய்து கேட்டேன். அறை உண்டு, சாப்பாடு கிடையாது. ராமநாதபுரத்தில் காலையிலேயே கட்டி எடுத்து வரலாம்தான், ஆனால் அந்த வெயிலில் சோறு ஊசிப்போகுமே. பிஸ்கட்டும் வாழைப்பழமும் அவசரத்துக்குத்தான் ஆகும். அப்புறம், நோன்பு வைத்திருப்பவர்கள் எதிரில் சாப்பிட அம்மாவுக்கு மனசு வராது, எனக்கும்தான்.

கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ மதியம் ஒரு மணிக்கு உள்ளே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட எந்த இடம் திறந்திருக்கும்?