சண்டை இழுத்துக்கொண்டே போகிறதா? உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்

போன மாதம் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) மேசையில் ஒரே சண்டை இரண்டரை மணி நேரம் ஓடியது. ஐந்து வீரர்கள், எதிரே 12 காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்), அவ்வளவுதான். இந்த விளையாட்டில் ஒரு ரவுண்ட், அதாவது எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது, கதைக்குள் 6 வினாடி. எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. தன் டர்னை முடித்த ஒருவர் பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை நடத்தும் டிஎம்மாக எனக்கு மனசே கேட்கவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், நேரம் போனது சண்டையில் இல்லை, காத்திருப்பதில். "இப்போ யாரு? நானா?" என்று கேட்டு, அதன்பிறகே தங்கள் கதாபாத்திரத் தாளைப் புரட்ட ஆரம்பிப்பார்கள். இப்போது ஒருவரைக் கூப்பிடும்போதே அடுத்தவரையும் சொல்லிவிடுகிறேன்: "இப்போ நீங்க. அடுத்து அண்ணன், ரெடியா இருங்க." 12 காப்ளின்களுக்கும் தனித்தனி இனிஷியேட்டிவ் (யாருக்கு அடுத்து யார் என்ற வரிசை) கிடையாது, நான்கு நான்காக மூன்று கூட்டம். அவற்றின் டேமேஜுக்கு, அதாவது அடி எவ்வளவு என்பதற்கு, பகடை உருட்டுவதையும் விட்டுவிட்டேன். 2014 பதிப்பில் காப்ளின் வாளுக்குச் சராசரி 5 என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதே அளவு சண்டை போன வாரம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

* * *

நான் மந்திரவாதி ஆடுபவன். எங்கள் குழுவில் தாமதத்துக்குக் காரணமே நான்தான் என்று தெரிந்தபோது வருத்தமாக இருந்தது. இப்போது ஸ்பெல்களை (மந்திரங்களை) தனித்தனி அட்டையில் எழுதி, எனக்கு முன்னால் இருப்பவர் ஆடும்போதே ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறேன்.

ஒரு சம்பவம். எட்டு காப்ளின்கள் நடுவே ஃபயர்பால் என்ற நெருப்பு ஸ்பெல்லைப் போட்டேன். அதன் டேமேஜுக்கு ஆறுமுகப் பகடை எட்டு. 6, 4, 5, 5, 3, 2, 6, 1 விழுந்தது. பத்துப் பத்தாகச் சேர்த்தால் 32 என்று சட்டென்று வந்துவிடும். டிஎம் எட்டுப் பேருக்கும் சேவிங் த்ரோ (தப்பிக்கிறார்களா என்று பார்க்கும் உருட்டல்) உருட்டப் பகடையை எடுத்தார். "அண்ணே, தப்பிச்சாலும் பாதி, 16. அதுங்களுக்கு இருக்கிற உயிரே 7 ஹிட் பாயிண்ட்" என்றேன். பகடையைக் கீழே வைத்துவிட்டு, எரிந்து விழுந்ததை அழகாக வர்ணித்தார். எட்டு உருட்டல் மிச்சம்.

* * *

நான் இதே விளையாட்டின் 1981 பேசிக் பதிப்பு ஆடுகிறேன். அதில் மொரேல் என்று ஒன்று உண்டு, எதிரிகளின் மன உறுதிக்கான எண். எதிரிகளில் முதல் ஆள் செத்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். காப்ளினுக்கு மொரேல் 7. உருட்டியது அதைத் தாண்டினால் ஓடிவிடும் அல்லது சரணடையும். முடிவு தெரிந்துவிட்ட சண்டையைக் கடைசி ஆள் வரை இழுக்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்பிலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒவ்வொருவர் டர்னுக்கும் மணற்கடிகாரம் வைப்பது. நான் வைத்துப் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு தங்கை மணல் இறங்குவதையே பார்த்துக்கொண்டு வாயடைத்துப் போனார். எடுத்துவிட்டேன். "விதியை நான் பாத்துக்கறேன், நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். "மேலே தொங்குற விளக்கோட சங்கிலியை அறுத்து அவன் தலையில போடுறேன்" என்றார், ஒரு நொடிகூடத் தயங்காமல்.