இத்தாலிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு, எங்களுக்கு நடந்தது

அம்மாவோடு ரோம், ஃப்ளோரன்ஸ், பீசா என்று பத்து நாள் சுற்றிவிட்டு வந்தேன். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அதனால் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள் ஒரு சின்ன உணவகத்தில் மினெஸ்ட்ரோனே கேட்டோம். காய்கறி சூப்தானே என்று நம்பி அம்மா இரண்டு வாய் குடித்த பிறகுதான் உள்ளே பன்றிக்கறித் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நாம் 'வெஜிடேரியன்' என்று சொல்வது மட்டும் போதாது. "சென்சா கார்னே, சென்சா பெஷே" (கறி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். முட்டைக்கு "சென்சா உவோவா". பார்மிஜானோ சீஸில், பாலைத் திரளவைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பீட்சா மரினாரா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பாதி நாள் அதுதான் சாப்பாடு. அப்புறம், மெனுவில் 'பெப்பெரோனி' என்று இருந்தால் அமெரிக்க பீட்சாவில் போடும் கறித் துண்டு என்று பயப்பட வேண்டாம், அங்கே அது குடைமிளகாய்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொட்டாதீர்கள். ரோம் தெருவெங்கும் 'நசோனி' என்ற இரும்புக் குழாய்கள், 1870களிலிருந்து இருப்பவை. நல்ல குடிநீர், சில்லென்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும், அப்படியே குடிக்கலாம். அம்மாவுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

பீசா ரயிலில் அபராதம் கட்டினோம், தப்பு என்னுடையதுதான். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன், நீங்கள் சொன்ன முத்திரை விஷயம் எங்களுக்கும் நடக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கித் தானே குத்திக் கொடுத்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, நன்றாகத் திட்டினார் என்பது மட்டும் தெரிந்தது!

நான் சேர்க்க நினைப்பது உடை. வத்திக்கானில் இருக்கும் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத குர்தா போட்டிருந்த என் தங்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அதுவும் ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்ற பிறகு. நல்லவேளை, பையில் துப்பட்டா இருந்தது. தோளில் போர்த்தியதும் விட்டார்கள். கோடையில் போனாலும் ஒரு துப்பட்டா எடுத்துப் போங்கள்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். சுற்றுலா இடங்களில் மேசையில் உட்கார்ந்தால் அதே காபிக்கு இரண்டு மடங்குகூடக் கேட்பார்கள்.