மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கணும்? அரசு அடுக்குமாடியில் குடியிருப்பவர் பேச்சு

தறிக்காரர் மகன்:
சேலம் அம்மாபேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா இப்போது இருப்பது அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில், மூன்றாம் மாடி. எந்தக் குடியிருப்பு, எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதானே இருக்கணும்.

போன மாதம் யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மாடிப்படிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சுவருக்குள் குழாய் கசிகிறது, முதலில் அதைப் பாருங்கள் என்று நாலு வீட்டுப் பெண்கள் போய்ச் சொன்னார்கள். “எஸ்டிமேட்ல பெயிண்ட் மட்டும்தாம்மா இருக்கு” என்றார் மேஸ்திரி. ஈரத்தின் மேலேயே அடித்தார்கள். இருபதே நாளில் சுவர் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் கையோடு வருகிறது. மோட்டார் ரூம் சாவியும் காண்ட்ராக்டர் ஆளிடம். அவர் வந்து போட்டால்தான் மேல்தொட்டியில் தண்ணீர்.

எஸ்டிமேட் போடும் முன்னால் குடியிருப்பவரை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கோபம் புரிகிறது. நான் வேறொரு குடியிருப்பில் ஆறு வருஷம் குடியிருப்போர் சங்கப் பொருளாளர். அங்கே சாவி எங்களிடம்தான் இருந்தது. கதையைக் கேளுங்கள்.

32 வீடு. மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். சம்ப்பில் தண்ணீர் தீர்ந்து, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் கருகிவிடும். ஒரே கோடையில் இரண்டு தடவை. மறுபடி காயில் கட்ட வீட்டுக்கு 150 ரூபாய் கேட்டேன். 11 வீடு கொடுத்தது. கீழ் வீட்டுக்காரர், “எனக்குத்தான் தெருக்குழாய் இருக்கே” என்றார். மூன்றாம் மாடிக்காரர், “தண்ணியே ஏறலை, காசு எதுக்கு?” என்றார். மீதியை என் கையிலிருந்து போட்டேன், இன்று வரை வரவில்லை. கடைசியில் நானே போய் சாவியை ஒப்படைத்தேன்.

அப்புறம், நீங்கள் வாடகைக்காரர் இல்லை, ஒதுக்கீடு பெற்றவர். தவணை முடிந்தால் கிரயப் பத்திரம் உங்கள் பெயரில். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று திட்டமே இருக்கிறது. சங்கம் வசூலிக்கிற பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் போடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தறிக்காரர் மகன்:
அண்ணா, திட்டத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. பொறுப்பு நம்முடையது, சரி. முடிவு யாருடையது? பெருக்க, லைட் மாற்ற, வசூல் பண்ண எங்கள் சங்கம் வேண்டும். பெரிய ரிப்பேர் என்றால் சங்கத்தை யாரும் கூப்பிட்டதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் பழைய வீடு ஓட்டு வீடுதான், ஆனால் உள்ளே குழித்தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, காலை உள்ளே விட்டு, மிதித்து நெய்யும் தறி. வீடு மாற்றும்போது குடும்பத்தில் எத்தனை பேர், ரேஷன் கார்டு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். என்ன தொழில் என்று கேட்டவரும் எழுதிக்கொண்டு போனார். கொடுத்தது மூன்றாம் மாடி. எங்கே குழி வெட்டுவது, கீழ் வீட்டுக்காரர் தலையிலா? அப்பா தறி மரத்தைக் கழற்றி விறகு விலைக்குப் போட்டார். அதன் பிறகு அவர் தறிப் பக்கமே போகவில்லை.

குமாஸ்தா:
சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் வந்து 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் தனியார் வீட்டுக்காரர் எதைப் பழுது பார்க்கணும், குடியிருப்பவர் எதைப் பார்க்கணும் என்று பட்டியலே உண்டு. ஆனால் அரசு, உள்ளாட்சி, சட்டப்படி அமைந்த வாரியம் இவற்றின் கட்டடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. செவ்வாய்பேட்டையில் தனியாரிடம் குடியிருப்பவருக்கு இருக்கிற பிடிகூட வாரிய வீட்டில் குடியிருப்பவருக்கு இல்லை. இந்த மாதிரி அடுக்குமாடிகளைக் கட்டும் குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர்ப்பலகை மாறியது, அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

மலைக்காற்று:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்களாவது அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடலாம். எங்களுக்குக் காபித் தோட்டத்து லைன் வீடு. வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் ஒருவரே. கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், “அப்ப வேற எஸ்டேட் பாத்துக்கறியா?” என்று பதில் வரும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே சாக்கைக் கட்டித்தான் சோறு பொங்குவோம்.

1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பது முதலாளி கடமை என்றது. வீட்டு விஷயத்தில் கலந்து பேச அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உட்காரும் ஆலோசனைக் குழு அமைக்கவும் அதில் இடம் வைத்தார்கள். எங்கள் லைனில் அப்படி ஒரு குழுவை எங்கள் தாத்தா பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

டெர்பி சேலத்தான்:
நான் சேலம் குகைப் பகுதிக்காரன், இப்போது இங்கிலாந்தில். இங்கேயும் கேட்காமல் விட்டதால்தான் உயிர் போனது. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஏழு மாதம் முன்பே, பெரிய விபத்து நடந்தால்தான் நிர்வாகத்துக்கு உறைக்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்தக் கட்டடத்தை நடத்தியது யார்? பெயரே குடியிருப்போர் நிர்வாக அமைப்பு. நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களும் இருந்தார்கள். நாற்காலி கொடுத்தும் என்ன ஆயிற்று?

டெர்பி சேலத்தான்:
உண்மைதான் அண்ணா, மறுக்கவில்லை. நாற்காலி போதாது, கெடு வேண்டும். இங்கே ராச்டேல் என்ற ஊரில் பூஞ்சை பிடித்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது, 2020இல். அந்தக் குழந்தையின் பெயரில் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்யணும். ஈரம், பூஞ்சை பெரிய அளவில் இருந்தால் 10 வேலை நாளில் வந்து ஆராயணும். உங்கள் அப்பளச் சுவருக்கு அப்படி ஒரு கெடு உண்டா?

சலங்கைக்காரி:
எல்லாரும் ஒதுக்கீட்டுக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உள்வாடகைக்கு இருக்கிறேன். வீடு யார் பெயரிலோ, அவர் ஊரிலேயே இல்லை. மாதம் 2,500 அவருக்கு, பராமரிப்புக் காசு சங்கத்துக்கு. கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக் கொடுத்துத்தான் இரண்டையும் கட்டுகிறேன். கூட்டத்துக்குப் போனால், “உனக்கு என்னம்மா இங்க?” என்கிறார்கள். அதைக் கேட்டது அதிகாரி இல்லை, சங்கத் தலைவர்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, நீங்கள் சொல்வது எங்களுக்கும் உறைக்கிறது. நான் பொருளாளராக இருந்தபோதும் உள்வாடகைக்காரரைக் கணக்கில் எடுத்ததில்லை. வசூலில் மட்டும் எடுத்தேன்.

ஆனாலும் தம்பி, காசு கட்டாதவரும் காயில் எரித்தவரும் கையெழுத்துப் போட்டு நாளைக்கு எஸ்டிமேட்டை மாற்றினால், அதற்குப் பொறுப்பு யார்? இதற்குப் பதில் வரவில்லை. சரி, சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம். சம்ப் காய்ந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கண்ட்ரோலர் ஐந்து ரோடு பக்கம் எலெக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும். அது இருந்திருந்தால் எங்கள் காயில் போயிருக்காது. உங்கள் பிளாக்குக்குப் பாதிக் காசு நான் போடுகிறேன். மாட்டிவிட்டு, சாவியைக் கேளுங்கள்.

தறிக்காரர் மகன்:
அண்ணா, நன்றி. ஆனால் அதை மாட்டவே மோட்டார் ரூமைத் திறக்கணுமே.