இரண்டு விரலில் முதுகு நிமிருமாம்!

வேலந்தாவளத்தான்:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. "டாக் ஷோவில், ஜட்ஜ் பார்க்கிற ரிங்கில், நாயின் முதுகு பள்ளம் விழுந்து நின்றால் பதற வேண்டாம். வயிற்றுக்கு அடியில் இரண்டு விரலால் லேசாகச் சுரண்டுங்கள், முதுகு தானாக மேலே வரும். மாசக்கணக்கில் ரோட்டில் ஓட்டி நாயை வதைக்க வேண்டியதில்லை." அதற்குக் கைதட்டல் வேறு.

நான் கேட்பது ஒன்றுதான். விரலை எடுத்த பிறகு? ஜட்ஜ் ஒரு ரவுண்டு ஓடச் சொன்னால், வயிற்றில் விரலை வைத்துக்கொண்டே குனிந்தபடி ஓடுவீர்களா?

எங்கள் வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட் தாண்டிக் கால்வாய்க் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். பத்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மண் தடத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரே சீரான துள்ளுநடை. பாலக்காட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு. அப்படி ஏறிய தசை ரிங்கில் யார் விரலும் இல்லாமல் நிற்கும்.

பொள்ளாச்சிச் சிப்பி:
அண்ணா, அந்தத் தம்பி நான்தான். பேர் சொல்லியே திட்டியிருக்கலாம், கோவித்துக்கொள்ள மாட்டேன். ஒரே கேள்வி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: விரல் வைத்தால் முதுகு ஏறுமா, ஏறாதா?

வேலந்தாவளத்தான்:
ஏறும். என் வயிற்றில் சுரண்டினால் நானும்தான் நிமிர்வேன். அதனால் எனக்குத் தொப்பை இல்லை என்று ஆகிவிடுமா?

பொள்ளாச்சிச் சிப்பி:
ஏறும் என்று ஒத்துக்கொண்டீர்கள். அவ்வளவுதான் நான் எழுதியது. நன்றி, வணக்கம்.

எருத்தேம்பதி புதுசு:
ஐயா, ஒரு சந்தேகம். நேர் முதுகு என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் இருப்பது கன்னி இன நாய், அதற்கு இடுப்புக்கு மேலே சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. அது குறையா?

வேலந்தாவளத்தான்:
தம்பி புதுசு, இரு, வருகிறேன். முதலில் இவர் விஷயத்தை முடிக்கிறேன்.

நான் எதற்கு ஒத்துக்கொண்டேன்? ஜட்ஜ் கை வைத்துப் பார்க்காமலா போவார்? விலா, இடுப்பு, தொடை என்று அழுத்திப் பார்ப்பார். இடுப்புத் தசை மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தால் உங்கள் இரண்டு விரல் எங்கே போய் ஒளியும்? போன சீசனில் ஒருவர் நாயை இப்படியே சுரண்டிச் சுரண்டி நிறுத்தினார். நாய் கூச்சத்தில் பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு அட்டைப்பூச்சி மாதிரி சுருண்டது. யார் என்று சொல்ல மாட்டேன், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ரொம்ப தூரமில்லை.

பொள்ளாச்சிச் சிப்பி:
அது ஊட்டி ஷோவின் குளிர், அண்ணா. மே மாசம் என்றாலும் காலை எட்டு மணிக்கு அங்கே சிப்பிப்பாறை இன நாய் நடுங்கும். உடம்பில் கொழுப்பும் இல்லை, மயிரும் இல்லை. குளிர்ந்தால் எந்த நாயும் முதுகைக் கூனும், வாலை உள்ளே சொருகும். ரிங்குக்குள் நுழையும் வரை கம்பளி போர்த்தியிருக்க வேண்டும். என் கம்பளியை ஒருவர் "அஞ்சு நிமிஷம்" என்று வாங்கிப் போனார். இன்றுவரை வரவில்லை. செக்போஸ்ட் தாண்டிப் போய்விட்டது போல.

வேலந்தாவளத்தான்:
கம்பளிக் கதை இங்கே எதற்கு? அது கம்பளியே இல்லை, சாக்கு.

எல்லையோர ஊசிக்காரர்:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் கால்நடை மருத்துவர். முதுகு கூனியோ பள்ளமாகவோ நிற்கிற நாய் என்னிடம் வந்தால் முதலில் வலி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். வயிற்று வலி, முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிற நாயை விரலாலும் நிமிர்த்தக் கூடாது, சைக்கிளிலும் ஓட்டக் கூடாது.

உடம்புத் தயாரிப்புக்கு ஒன்பது புள்ளி அளவுகோல் இருக்கிறது. ஒன்று என்றால் எலும்புக்கூடு, ஒன்பது என்றால் பூசணிக்காய். நாலு, ஐந்தில் நிறுத்த வேண்டும். வேட்டை நாய்க்குக் கடைசி விலா ஒன்றிரண்டு லேசாகத் தெரிந்தால் தப்பில்லை. குட்டிக்குக் கால்சியம் டானிக்கை ஊற்றித் தள்ளாதீர்கள். வளர்கிற எலும்பை அதுவே கெடுக்கும்.

வேலந்தாவளத்தான்:
டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. அதாவது விரல் வேண்டாம்.

பொள்ளாச்சிச் சிப்பி:
டாக்டர் சைக்கிளும் வேண்டாம் என்றார். அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா?

ஜெர்மன் வீடு கொழிஞ்சாம்பாறை:
என் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு விரலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒரு பின்னங்காலை முன்னே, இன்னொன்றைப் பின்னே வைத்தால் முதுகு தானாகச் சரிந்து அழகாக நிற்கும். நாட்டு நாய் வளர்ப்பவர்கள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேலந்தாவளத்தான்:
வந்துவிட்டார். உங்கள் இனத்துக்கு அப்படி நிறுத்துவது வழக்கம். எங்கள் நாய்க்கு முன்னங்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே, பின்னே குதிகாலுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக. சிப்பிப்பாறையை ஷெப்பர்டு மாதிரி நிறுத்தினால் படியில் இறங்குகிற ஆடு போல இருக்கும். அப்புறம், 2005இல் தபால்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டது. அதில் ஷெப்பர்டு இருந்ததா?

பொள்ளாச்சிச் சிப்பி:
சிப்பிப்பாறையும்தான் இல்லை, அண்ணா. நம் பக்கத்திலிருந்து ராஜபாளையம் மட்டும்தான்.

வேலந்தாவளத்தான்:
என் வீட்டில் ராஜபாளையமும் இருக்கிறது.

எருத்தேம்பதி புதுசு:
அந்த மேடு விஷயம்...

வேலந்தாவளத்தான்:
தம்பி, முதலில் நகத்தை வெட்டு. டைல்ஸ் தரையில் டக் டக் என்று சத்தம் வந்தால் நகம் நீளம் என்று அர்த்தம். நகம் நீண்டால் பாதம் விரியும், மணிக்கட்டு பின்னால் சாயும், நிற்பதே கெட்டுவிடும். அதோடு நாயை வழவழ தரையில் கட்டாதே, மண்ணில் கட்டு. இதையெல்லாம் சரி செய்யாமல் இரண்டு விரலை நம்பினால் பொள்ளாச்சிக்காரர் கதைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். ரிங்கில் நிறுத்தும்போது தரையைப் பார். எவ்வளவு சமமான மைதானத்திலும் கொஞ்சம் மேடு பள்ளம் இருக்கும். முன்னங்கால் மேட்டுப் பக்கம் வரும்படி நிறுத்து. லீட், அதாவது நாயைப் பிடிக்கிற கயிறு, காதுக்குப் பின்னால், கழுத்தின் உச்சியில் இருக்கட்டும். வேகவைத்த ஈரல் துண்டை மூக்குக்கு நேரே ஒரு முழம் தள்ளிக் காட்டு. நாய் கழுத்தை நீட்டி முன்னால் சாயும். கையை உயரத் தூக்கினால் உட்கார்ந்துவிடும், கவனம். முதுகில் கை வைத்து அழுத்தாதே. அழுத்தினால் நாய் எதிர்த்து மேலே தள்ளும். வாலைப் பின்னால் லேசாக இழுத்தால் முன்னால் சாயும். நாயின் குணமே அப்படி.

பொள்ளாச்சிச் சிப்பி:
மேடு பார்த்து நிறுத்துவது, ஈரல் காட்டுவது, வால் இழுப்பது, இதெல்லாம் வித்தை இல்லை. என் விரல் மட்டும் ஏமாற்று. சரிங்க.

ஜெர்மன் வீடு கொழிஞ்சாம்பாறை:
நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

வேலந்தாவளத்தான்:
நீங்கள் பேசாதீர்கள். உங்கள் நாய் ஓடும்போது ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து போகிறது. ஒட்டகம் அப்படித்தான் போகும். களைத்த நாயும், சோம்பேறி நாயும், தயார் செய்யாத நாயும் அப்படித்தான். லீடை ஒரு சுண்டு சுண்டி மாற்றக்கூடத் தெரியவில்லை, எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

ஜெர்மன் வீடு கொழிஞ்சாம்பாறை:
என் நாய் எந்த ஷோவில் அப்படி ஓடியது? வீடியோ போடுங்கள்.

வேலந்தாவளத்தான்:
போடுகிறேன். போனில் இடமில்லை, பேரன் வந்ததும் எடுத்துத் தரச் சொல்கிறேன்.

எல்லையோர ஊசிக்காரர்:
புதுசு தம்பிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கிரேஹவுண்டுக்கே இடுப்புக்கு மேல் லேசான வளைவு இருக்க வேண்டும் என்றுதான் இனத் தரத்தில் எழுதியிருக்கிறது. ஓடுகிற நாயின் உடம்பு அப்படி. நடு முதுகிலேயே கூன் தொடங்கினால் கூட்டிவந்து காட்டுங்கள்.

எருத்தேம்பதி புதுசு:
நன்றி டாக்டர். அப்படியானால் இவர்கள் இருவரும் நேர் முதுகு, நேர் முதுகு என்று சண்டை போடுவது எதை?

பொள்ளாச்சிச் சிப்பி:
தம்பி, அது அப்புறம். அண்ணா, ஏறும் என்று நீங்களே எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

வேலந்தாவளத்தான்:
எடுத்துக்கோங்க, பிரேம் போட்டு மாட்டிக்கோங்க. ஏறும் என்று சொன்னேன், நிற்கும் என்று சொன்னேனா? விரலை எடுத்த பிறகு? இதற்குக் காலையிலிருந்து பதில் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஷோவில் என் ஊர் பேர் பட்டி என்று முடிகிறது என்று சிரித்தார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அன்றைக்கு அந்தப் பட்டிக்காரன் நாய்தான் முதலில் நின்றது. விரல் இல்லாமல்.

பொள்ளாச்சிச் சிப்பி:
வேலந்தாவளம் எங்கே பட்டி என்று முடிகிறது?

வேலந்தாவளத்தான்:
பிறந்த ஊரைச் சொன்னேன்.

பொள்ளாச்சிச் சிப்பி:
சரி. கம்பளி எப்போது வரும்?