நெஞ்சு 27, இடுப்பு 18

ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஒரே பொருள் இரண்டாவது முறையும் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாய்க்கு மாட்டும் நெஞ்சுப்பட்டை. ஹார்னஸ் என்றால்தான் பலருக்கும் தெரியும். முதலில் மீடியம் அனுப்பினேன், தொளதொளவென்று இருக்கிறது என்று திரும்பியது. ஸ்மால் அனுப்பினேன், நெஞ்சில் ஏறவே இல்லை என்று திரும்பியது. கூரியருக்குப் போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம், அதுவும் இரண்டு முறை. முகவரியைப் பார்த்தேன்: காசிமேடு. நான் இருப்பது தண்டையார்பேட்டையில். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நானே கிளம்பிவிட்டேன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் சோழிங்கநல்லூரில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். 2021இல் வேலையை விட்டுவிட்டு, நாய், பூனைகளுக்கான பொருள்களைக் கூரியரில் அனுப்பி விற்கும் கடை தொடங்கினேன். அந்த ஒன்பது வருடத்தில் நான் எழுதியதைப் பயன்படுத்திய ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. குறை என்றால் ஓர் எண்ணோடு வரும். சரிசெய்ததும் அந்த எண்ணை மூடிவிடுவோம். கடை தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. திரும்பி வரும் பார்சல்களைக் கணக்கில் எழுதினேனே தவிர, ஏன் வருகிறது என்று யாரையும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சந்தன நிறத்தில் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு. நான் யார் என்று சொன்னதும், "வா அம்மா, நீயே மாட்டிப் பார்" என்றார். மீடியம் பட்டையை மாட்டி, பக்கிளை இழுக்க முடிந்த மட்டும் இழுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்தது. நாய் தலையைத் தாழ்த்தி இரண்டடி பின்னால் போனது. அவ்வளவுதான். பட்டை என் கையில் தொங்கியது, நாய் சாலையை நோக்கி ஓடியது.

பெரியவர் நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். நாய் திரும்பி வந்துவிட்டது. எனக்குத்தான் வெகுநேரம் கை நடுங்கியது. நான் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய பொருள் அது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அளந்தேன். கழுத்து 13 அங்குலம். காதுக்குப் பின்னால் தலைச் சுற்றளவு 14. நெஞ்சு 27. விலா முடியும் இடத்தில் இடுப்பு 18. நான் விற்ற பட்டைகள் லாப்ரடார் போன்ற கட்டையான உடம்புக்குத் தைத்தவை. அவற்றுக்குக் கழுத்தும் பருமன், இடுப்பும் பருமன். நம் வேட்டை நாய்களுக்குத் தலைக்கும் கழுத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நெஞ்சு ஆழம், இடுப்பு சிறுத்துவிடும். பின்வாங்கினால் எல்லாம் தலை வழியே உருவிக்கொள்ளும். ராஜபாளையத்துக்கும் இதே கதைதான். 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் அது. அதற்குப் பொருந்தும் பட்டை ஒன்றுகூட என் கடையில் இல்லை என்பது அன்று மனதை அறுத்தது.

புது வண்ணாரப்பேட்டையில் பள்ளிப் பை தைக்கும் அக்கா ஒருவரிடம் போனேன். பாரிமுனையில் நைலான் பட்டையும் பக்கிளும் வாங்கிக் கொடுத்தேன். யோசனை எளிதுதான்: நெஞ்சுக்கு ஒன்று, விலாவுக்குப் பின்னால் சிறுத்த இடுப்புக்கு இன்னொன்று. இடுப்பு அளவுக்குப் பூட்டிய பட்டை அந்த ஆழமான நெஞ்சைத் தாண்டி முன்னால் வர முடியாது. அக்கா ஒரு முறை கையில் இழுத்துப் பார்த்துவிட்டு, "பைக்குக் காது பிய்யும் இடத்தில்தான் இதுவும் பிய்யும்" என்று சொல்லி, வளையம் சேரும் இடங்களில் சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையலும் போட்டார். அந்தத் தையல் இன்றுவரை ஒன்றுகூடப் பிரியவில்லை. தவறு என்னுடையதுதான்: விலை குறைவென்று இரும்பு வளையம் வாங்கினேன். கடல் காற்றில் ஆறு வாரத்தில் துருப்பிடித்தது. விற்ற 14 பட்டைகளையும் திரும்ப வாங்கி, எவர்சில்வர் வளையம் போட்டுக் கொடுத்தோம்.

இப்போது ஸ்மால், மீடியம் என்று எதுவும் விற்பதில்லை. நான்கு அளவும் கேட்கிறேன், டேப்பை வைத்தபடி ஒரு புகைப்படமும் கேட்கிறேன். இவ்வளவு தொல்லையா என்று சிலர் போய்விடுகிறார்கள், போகட்டும். பூனை மெத்தையை நிறுத்திவிட்டேன். கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து அதையும் எடையாகப் பார்ப்பார்கள். முக்கால் கிலோ மெத்தை, 50க்கு 50க்கு 15 பெட்டியில் போனால் ஏழரைக் கிலோவுக்குக் கட்டணம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பொருளை எடுப்பதற்கு முன் பெட்டியை அளந்துவிடுங்கள். வருமானம் பழைய சம்பளத்தில் பாதியை இன்னும் எட்டவில்லை.

போன வாரம் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். அதே லாரிச் சாலையில் நாய் மிரண்டு பின்னால் இழுத்ததாம், பட்டை பிடித்துக்கொண்டதாம். வீட்டில் புதிதாக ஒரு குட்டி வந்திருக்கிறது, அதற்கும் ஒன்று தைத்துத் தா என்றார். மூன்று மாதக் குட்டிக்கு இன்று எடுக்கும் அளவு அடுத்த மாதம் உதவாது. அதுவரை வாசலைத் தாண்ட விடாதீர்கள், மாதம் ஒரு முறை நானே வந்து அளக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் அளவு.